படுத்து ஒரு பி.பி., நின்று ஒரு பி.பி.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் மூன்றரை வயதுச் சிறுவன் ஒருவனைச் சேர்த்தார்கள். கைக்கு எட்டிய உப்பையெல்லாம் தின்பான். பிஸ்கட் கொடுத்தால் மேலே ஒட்டியிருக்கும் உப்பை மட்டும் நக்குவான். அவன் பேசப் பழகிய முதல் சில சொற்களில் உப்பும் ஒன்று. மருத்துவமனையில் எல்லோருக்கும் கொடுக்கும் சாப்பாட்டைக் கொடுத்தார்கள். ஏழே நாளில் இறந்துபோனான். வில்கின்ஸ், ரிக்டர் என்ற இருவர் 1940-ல் இதைப் பதிவு செய்தார்கள். அவனுடைய அட்ரினல் சுரப்பிகள் பழுதுபட்டிருந்தன. சிறுநீரில் போய்க்கொண்டே இருந்த உப்பை அவன் தின்றே ஈடுகட்டியிருக்கிறான்.

சிறுநீரகங்களின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் இந்தச் சுரப்பிகள் தரும் ஆல்டோஸ்டிரோன், உப்பையும் அதோடு நீரையும் உடம்பில் நிறுத்திவைக்கிறது. கார்டிசால், ரத்தக் குழாய்கள் தேவைப்படும்போது இறுகுவதற்குத் துணைநிற்கிறது. நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கும். குழாய்கள் இறுகி, இதயம் சற்று வேகமெடுத்துச் சமாளிக்கும். இரண்டு ஹார்மோனும் குறைந்தவருக்கு இது நடக்காது. ‘எழுந்தா கண்ணு இருட்டிக்கிட்டு வருது’ என்பார். கூடவே அசதி, எடை குறைதல், வாந்தி, உப்பின் மேல் ஆசை.

லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன் 1855-ல் விவரித்த நோய் இது. தோல் கறுப்பதை அவர் முக்கிய அடையாளமாகச் சொன்னார். நம் நிறத்தில் அது ‘வெயில்ல அலைஞ்ச கறுப்பு’ என்று போய்விடுகிறது. பார்க்க வேண்டிய இடங்கள் ஈறு, உள்ளங்கை ரேகை, பழைய தழும்பு. காசநோய் சுரப்பியைத் தின்றுவிடுவதும் இதற்கு ஒரு காரணம். நம் நாட்டில் அதை மறக்கக் கூடாது.

தலைசுற்றல் என்று போகிறவருக்கு ஹார்மோன் டெஸ்ட் எழுதுவதற்கு முன் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. ஐந்து நிமிடம் படுக்கவைத்து பி.பி. பார்ப்பது, எழுந்து நின்றபின் மூன்று நிமிடத்துக்குள் மறுபடி பார்ப்பது. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அது நோய்க்குறி. கூட்டம் நிறைந்த கிளினிக்கில் நாற்காலியில் உட்காரவைத்து ஒருமுறை பார்த்து அனுப்பிவிடுகிறார்கள் என்பதுதான் என் குறை. பி.பி. இறங்காமல், பத்து நிமிடத்துக்குள் நாடித் துடிப்பு மட்டும் 30-க்கு மேல் ஏறினால் அது ‘பாட்ஸ்’ என்ற வேறு கோளாறாக இருக்கலாம். அதில் பெரும்பாலும் கார்டிசால் சரியாகவே இருக்கும். அடிசன் நோய்க்கும் பாட்ஸுக்கும் ஃப்ளூட்ரோகார்டிசோன் மாத்திரை எழுதுவதுண்டு. அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு அட்ரினல் கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம்.

கார்டிசால் காலையில் உச்சத்தில் இருக்கும், நள்ளிரவில் அடிமட்டத்துக்கு வரும். ஆகவே ரத்தம் கொடுக்க வேண்டியது காலை எட்டு மணி வாக்கில். மாலை நாலு மணி ரிப்போர்ட்டில் குறைவு என்று வந்தால் அதற்குப் பொருளில்லை. இரவு ஷிஃப்ட் பார்ப்பவர் அதை முன்பே சொல்லிவிட வேண்டும். கருத்தடை மாத்திரை அளவைக் கூட்டிக் காட்டும். சந்தேகம் தீராவிட்டால் சுரப்பியைத் தூண்டும் செயற்கை ஏ.சி.டி.எச். ஹார்மோனை 250 மைக்ரோகிராம் ஊசியாகப் போட்டு, அரை மணி, ஒரு மணி கழித்து சுரப்பி பதில் சொல்கிறதா என்று பார்ப்பார்கள்.

‘அட்ரினல் களைப்பு’ என்று உமிழ்நீர் டெஸ்ட், டானிக் விற்கிறவர்களும் உண்டு. 58 ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்த பிரேசில் ஆய்வாளர்கள் அப்படி ஒரு நோய்க்கு ஆதாரமில்லை என்று 2016-ல் எழுதிவிட்டார்கள். உண்மையில் சுரப்பியைத் தூங்கவைப்பது, டாக்டரைக் கேட்காமல் மாதக்கணக்கில் விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரையும், முகம் வெளுக்கப் பூசும் ஸ்டீராய்டு கிரீமும்தான். அதைத் திடீரென்று நிறுத்துவது இன்னும் ஆபத்து.

நோய் உறுதியானவர்கள் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரையை எழுந்தவுடன் ஒரு பங்கும், பிறகு ஒன்றிரண்டு பங்கும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். ‘பிரஷருக்கு உப்பைக் குறை’ என்ற வீட்டு அறிவுரை இவர்களுக்குப் பொருந்தாது. காய்ச்சல் வந்தால் மாத்திரை அளவை டாக்டர் சொன்னபடி இரட்டிப்பாக்க வேண்டும். வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் ஊசிதான் உயிரைக் காக்கும். கேஷுவாலிட்டிக்குப் போனதும் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். சொல்ல முடியாத நிலை வரலாம் என்பதால் ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்திருங்கள்.