நர்சம்மா கேட்ட கேள்வி



நெய்வேலி நகரியத்தை ஒட்டிய ஒரு கிராமப் பள்ளியில் நான் ஆசிரியராக இருந்தபோது நடந்தது இது. ஐப்பசி மாதம். நல்ல மழை. ஒரே வாரத்தில் என் வகுப்பில் மூன்று பேர் வரவில்லை. மழைக்காய்ச்சல்தானே என்று நினைத்து, பதிவேட்டில் குறித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

அடுத்த வாரம் கிராம சுகாதார செவிலியர் பள்ளிக்கு வந்தார். ஊரில் அவரை நர்சம்மா என்றுதான் அழைப்போம். பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். மூன்று பேரும் ஒரே தெரு! "போன வாரமே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, சார்?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மூவரில் ஒருவனை அதற்குள் டெங்கு காய்ச்சல் என்று அரசு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள்.

மறுநாளே சுகாதார ஆய்வாளர் ஆட்களோடு வந்துவிட்டார். பழைய டயர், கொட்டாங்குச்சி, ஆட்டுக்கல் என்று நீர் தேங்கிய இடத்திலெல்லாம் கொசுப்புழு நெளிந்தது. எல்லாவற்றையும் கவிழ்த்தார்கள். தண்ணீர்த் தொட்டிகளில் அபேட் மருந்து ஊற்றினார்கள்.

இவ்வளவு வேகமாக இவர்களை அனுப்பியது யார் தெரியுமா?

ஒரு பெரிய ஏணி!

தமிழ்நாட்டில் 'பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்து இயக்ககம்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. நோய் வந்தபின் வைத்தியம் பார்ப்பது மட்டுமல்ல, வராமல் காவல் காப்பதும் இதன் வேலை. 2022-இல் இந்தத் துறை நூற்றாண்டு விழா கண்டது.

ஏணியின் கீழ்ப்படி நர்சம்மா. சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம்; சுமார் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது கணக்கு. அதற்கு மேலே வட்டார மருத்துவ அலுவலர். அவருக்கு மேலே மாவட்ட அளவில் ஓர் அதிகாரி. எல்லோருக்கும் தலைவராகச் சென்னை தேனாம்பேட்டையில் இயக்குநர். அவரும் மருத்துவரே. மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளரும் அமைச்சரும் அவருக்கும் மேலே இருக்கிறார்கள்.

உத்தரவு மேலிருந்து கீழே இறங்கும். செய்தியோ கீழிருந்துதான் மேலே ஏற வேண்டும். கீழ்ப்படியில் இருப்பவருக்கே செய்தி தெரியாவிட்டால், சென்னையில் இருக்கும் இயக்குநருக்கு எப்படித் தெரியும்?

இதற்காகச் சட்டமும் உண்டு. 1939-இல் சென்னை மாகாணத்தில் பொது சுகாதாரச் சட்டம் வந்தது. இந்தியாவில் இத்தகைய சட்டங்களில் இதுவே முதலாவது. தொற்றுநோய் கண்டால் மருத்துவர் உடனே சுகாதார அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அது சொல்கிறது.

சுனாமியில் வென்ற படை

2004 டிசம்பர் 26 அன்று நம் கடலூர்க் கடற்கரையைச் சுனாமி தாக்கியது. முகாம்களில் மக்கள் நெருக்கமாகத் தங்கியிருந்தார்கள். காலரா வந்துவிடுமோ என்று எல்லோருக்கும் பயம். பிற மாவட்டங்களிலிருந்தும் சுகாதாரப் பணியாளர்கள் வந்து சேர்ந்தார்கள். குடிநீரில் குளோரின் கலந்தார்கள். பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். முகாம்தோறும் காய்ச்சல், வயிற்றுப்போக்கு யாருக்கு என்று தினமும் விசாரித்தார்கள். பெரிய அளவில் தொற்றுநோய் எதுவும் பரவவில்லை. ஏணியின் எல்லாப் படியும் உறுதியாக இருந்ததன் பலன் அது!

என் மாணவன் இரண்டு வாரம் கழித்து, மெலிந்துபோய்த் திரும்பி வந்தான். அவனைப் பார்த்தபோது நர்சம்மாவின் கேள்விதான் காதில் ஒலித்தது. அதன்பின் ஓய்வு பெறும் நாள்வரை, இரண்டு பிள்ளைகள் காய்ச்சலென்று வராவிட்டாலே நர்சம்மாவுக்குச் சொல்லி அனுப்பிவிடுவேன்.

குழந்தைகளே, உங்கள் தெருவில் பலருக்குக் காய்ச்சலா? குழாய்த் தண்ணீர் நாறுகிறதா? உடனே ஆசிரியரிடமோ நர்சம்மாவிடமோ சொல்லுங்கள். அந்த ஏணியின் முதல் படிக்கும் முன்னால் நிற்பவர்கள் நீங்கள்தான். வீட்டு ஆட்டுக்கல்லில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று இன்றே பார்ப்பீர்கள்தானே?