இருக்கிற வேலைக்கு ஒரு மனு

பிரயாணம் புறப்படுவதென்றால் நம்மவர்கள் பார்க்காத பொருத்தம் இல்லை. ராகுகாலம் பார்ப்பார்கள், சூலம் பார்ப்பார்கள், எதிரே வருவது பூனையா, பால்குடமா என்று கூடப் பார்ப்பார்கள். கையிலுள்ள பாஸ்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் பார்ப்பதில்லை.

சென்ற மாதம் ஒரு கல்யாணப் புடவை விஷயமாகக் காஞ்சீபுரம் பிள்ளையார்பாளையத்துக்குப் போயிருந்தேன். நான் தேடிப்போன வீட்டில் கோர்வைப் புடவை ஒன்று தறியில் பாதி ஏறியிருந்தது. ஆனால் தறிக்குழியில் ஆள் இல்லை. அந்த வீட்டுப் பிள்ளை திண்ணையில் உட்கார்ந்து கைப்பெட்டிக்குப் பூட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். மலேசியாவுக்குப் போகிறானாம்.

"விசா வந்துவிட்டதா?" என்று கேட்டேன்.

"விசாவே வேண்டாம், ஐயா. சும்மா சுற்றிப் பார்க்கிற மாதிரி உள்ளே போய்விட்டால், மற்றதையெல்லாம் அங்கேயே முடித்துக் கொடுத்துவிடுவதாக ஏஜெண்டு சொல்லியிருக்கிறார்" என்றான்.

அவன் சொன்னதில் முதற்பாதி உண்மைதான். 2023 டிசம்பர் 1-ந் தேதி முதல் மலேசிய சர்க்கார் இந்தியப் பிரயாணிகளை 30 நாள் வரையில் விசா இல்லாமலே அனுமதிக்கத் தொடங்கினார்கள். பத்து மலை முருகனைத் தரிசித்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு அது மகா சௌகரியம். ஆனால் "மற்றது" என்று அவன் ஒரே வார்த்தையில் தள்ளிய சமாசாரம் இருக்கிறதே, அதுதான் வேலை பர்மிட்.

எதிர்த் திண்ணையில் ஒரு கிழவர் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். எங்கள் பேச்சைக் கேட்டதும் கையை நிறுத்தினார்.

"தம்பி, உள்ளே போய்ப் பார்த்துக்கலாம்னு சொல்றே. நான் உள்ளேயே பிறந்தவன். எனக்கே கொடுக்கலே" என்றார்.

அவர் கதையைக் கேட்க நான் அந்தத் திண்ணைக்கு மாறினேன். புடவை விஷயம் மறந்தே போயிற்று.

பேராக் ராஜ்யத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் 1947-ல் பிறந்தவர் அவர். தகப்பனார் செங்கல்பட்டுச் சீமையிலிருந்து கப்பலேறியவர். மகனும் பன்னிரண்டு வயதிலிருந்து பால்மரம் வெட்டினார். 1957 ஆகஸ்டு 31-ந் தேதி மலாயா சுதந்திரம் அடைந்தது. அன்று முதல் அங்கே பிறந்த குழந்தைகள் பிறப்பினாலேயே பிரஜைகள் ஆனார்கள்; அந்தச் சலுகையும் சில வருஷங்களில் சுருங்கிவிட்டது. அதற்கு முன் பிறந்த தோட்டத்துப் பிள்ளைகளில் மிகப் பலரோ மனுச் செய்து பதிந்துகொண்டால்தான் பிரஜா உரிமை உண்டு. இத்தனை வருஷம் குடியிருந்ததற்கு அத்தாட்சி வேண்டும். மலாய் பாஷை ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். ஆரம்பத்தில் குறுகிய காலம் சிலருக்கு அதிலிருந்து விலக்கும் இருந்தது.

தோட்டத்து ஜனங்களில் பலர் அந்த மனுவைப் போடவில்லை. ஏன் போடவில்லை என்று இன்று நாற்காலியில் உட்கார்ந்து கேட்பது சுலபம். பலருக்குப் பிறப்புச் சீட்டு கிடையாது. சிலர் நடுவில் ஊருக்கு வந்து போனதில் குடியிருப்புக் கணக்கு அறுந்திருந்தது. மலாயை அவர்கள் பஜாரில் பேரம் பேசுமளவுக்கு அறிந்திருந்தார்களே தவிர, உத்தியோகஸ்தர் முன்னிலையில் பரீட்சை கொடுக்குமளவுக்கு அல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, "எப்படியும் ஒரு நாள் ஊருக்குப் போகிறவர்கள்தானே நாம்?" என்ற நினைப்பு ஒன்று இருந்தது. அந்த நினைப்பிலேயே இரண்டு தலைமுறை கழிந்துவிட்டது. பிரஜைகளுக்கு நீல அடையாளக் கார்டு. பிரஜையல்லாத நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு. கிழவர் வீட்டில் எல்லாம் சிவப்பு.

"கார்டு எந்தக் கலராயிருந்தா என்ன, மரம் பாலைக் கொடுக்காமலா போகும்னு இருந்தோம்" என்றார்.

மரம் கொடுத்தது, சட்டம் கொடுக்கவில்லை. 1968-ல் மலேசியாவில் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்று நிறைவேறியது. பிரஜையல்லாதவர் யாராயினும் பர்மிட் இன்றி வேலை செய்யக்கூடாது என்பது அதன் சாரம். 1969 மே 13-ந் தேதி கோலாலம்பூரில் பெருங்கலவரம் மூண்டது. நெருக்கடி நிலைமையில் ஆட்சி நடத்திய சர்க்கார், நாட்டுப் பிரஜைகளின் வேலையின்மையைக் கண்டு கவலையுற்று, அந்தச் சட்டத்தைத் தீவிரமாக அமல் செய்தார்கள். தன் பிரஜைக்கு முதலில் வேலை வேண்டும் என்று ஒரு தேசம் நினைப்பதைத் தப்பு என்று சொல்லிவிட முடியாது. நாமும் அப்படித்தான் நினைப்போம். ஆயினும் அந்த விதி புதிதாக வந்து இறங்குகிறவன் மேல் மட்டும் விழவில்லை. இருபது, முப்பது வருஷமாக ஒரே நிரையில் மரம் வெட்டிக்கொண்டிருந்தவனும், நேற்றுவரை தான் செய்துவந்த அதே வேலைக்கு இன்று விண்ணப்பம் எழுதும்படி ஆயிற்று.

"கிராணி ஐயா ஒரு பாரத்தைக் கொடுத்தார். 'எந்த ஊரிலிருந்து வந்தாய்'னு ஒரு கேள்வி. நான் எந்த ஊர்னு எழுதறது?" என்று கேட்டார் கிழவர். எனக்குப் பதில் தெரியவில்லை.

பர்மிட் கிடைக்காதவர்களும், கிடைக்காது என்று பயந்தவர்களுமாக அக்காலத்தில் சுமார் 60,000 இந்தியர்கள் மலேசியாவை விட்டுப் புறப்பட்டார்கள். கிழவரும் தாயாருடன் 'ரஜூலா' கப்பலில் நாகப்பட்டினத்தில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. அவர் முதன் முதலாகப் பார்த்த தாய்நாடு அந்தத் துறைமுகந்தான். காஞ்சீபுரத்தில் தூரத்து உறவு ஒன்று இருந்தது. அவர்கள் ராட்டையைக் கையில் கொடுத்தார்கள்.

இது மலேசியா மட்டும் கண்டுபிடித்த வித்தை அல்ல. 1907-ல் டிரான்ஸ்வாலில் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்த இந்தியர்களை, விரல் ரேகை வைத்துப் புதிதாகப் பதிவுச் சீட்டு வாங்கு என்றார்கள். 1908 ஆகஸ்டு 16-ந் தேதி ஜோஹானஸ்பர்க் மசூதி மைதானத்தில், காந்தியடிகள் முன்னிலையில், ஆயிரக்கணக்கில் அந்தச் சீட்டுகள் எரிந்தன. தமிழர்கள் அங்கே சிறை சென்ற கதை நமக்குத் தெரிந்ததே. இலங்கையில் 1949 நவம்பர் 1-ந் தேதி குடிவரவுச் சட்டம் அமலுக்கு வந்தபோது, கொழும்பில் கடையும் கணக்குமாய் இருந்த இந்தியப் பிரஜைகள் தற்காலிக வாச அநுமதிச் சீட்டுக்கு மனுப் போட்டார்கள். சீட்டுக்குக் கெடு உண்டு. கெடு தீருமுன் மறுபடி மனு. எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அந்தக் கெடுவை வைத்தே கல்யாணத்துக்கு நாள் குறித்தன.

இப்போது நம் பிள்ளையாண்டான் விஷயத்துக்கு வருவோம். உள்ளே போனபின் பர்மிட் வாங்கும் வழி அடியோடு இல்லை என்றும் சொல்ல முடியாது. தேசத்துக்குத் தேசம் வழக்கம் வேறு. ஐக்கிய அரபு நாட்டில் பார்வையாளராக வந்தவர், வேலை கொடுக்கும் முதலாளி கிடைத்தால், கட்டணம் செலுத்தி உள்ளிருந்தபடியே தம் நிலையை மாற்றிக்கொள்ள வழி உண்டு. ஆனால் பர்மிட் கைக்கு வருமுன் ஒரு நாள் வேலை செய்தாலும் குற்றமே. 2024-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, பர்மிட் இல்லாமல் ஆள் வைக்கும் முதலாளிக்கு ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் திர்ஹம் வரை அபராதம் என்று ஆக்கினார்கள்.

மலேசியாவிலோ தொழிலாளிக்குப் பொதுவான வழி, முதலாளி அங்கே அநுமதி பெற்று அனுப்ப, இவன் இங்கிருந்து புறப்படுவதுதான். இடையிடையே, சீட்டில்லாமல் உள்ளே இருப்பவர்களைப் பதிந்துகொள்ளும் திட்டங்கள் வந்ததுண்டு: 2011-ல் ஒன்று, 2016 பிப்ரவரியிலிருந்து 2018 ஜூன் வரை ஒன்று, 2020 நவம்பரில் இன்னொன்று, 2023-ல் அதன் இரண்டாம் பாகம். ஏஜெண்டுகள் "அங்கேயே முடித்துவிடலாம்" என்று சொல்வதற்கு ஆதாரம் இவைதாம். ஆனால் இத்திட்டங்களில் தொழிலாளி நேரே மனுப் போட்டு வேலைக்கு உரிமை பெற முடியாது. முதலாளி முன்வர வேண்டும். குறிப்பிட்ட தொழில்களுக்கு மட்டுமே இடம். தரகர்களிடம் பணத்தைக் கட்டிவிட்டுப் பர்மிட்டைக் காணாதவர்கள் ஏராளம். 2018-ல் கெடு முடிந்த கையோடு சோதனைகளும் தொடங்கின.

பையன் பத்தாம் வகுப்புத் தேறவில்லை. அப்படிப்பட்டவர் மலேசியாவுக்கோ வளைகுடா நாடுகளுக்கோ வேலைக்குப் போவதென்றால், 1983-ம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி, நம் சர்க்காரின் குடிபெயர்வோர் பாதுகாவலரிடம் அநுமதி பெற வேண்டும். அதைப் பலர் தொந்தரவு என்று நினைக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த அநுமதிக்காக வேலை ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும். சம்பளம் எவ்வளவு என்பது காகிதத்தில் ஏறும். கூடவே பத்து லட்ச ரூபாய் விபத்து இன்ஷ்யூரன்ஸும் எடுத்தாக வேண்டும். சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிப் போகிறவனுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. சாரத்திலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டால், சுற்றிப் பார்க்க வந்தவனுக்குச் சாரத்தின்மேல் என்ன வேலை என்ற கேள்விதான் முதலில் வரும்.

இதையெல்லாம் நான் சொன்னபோது அவன் தாயார் உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். ஏஜெண்டுக்குக் கொடுக்க அவள் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயிருந்தன.

"தறியிலே உட்கார்ந்து என்னத்தைக் கண்டோம், ஐயா? விசைத்தறிப் புடவையை எங்க புடவைன்னு சொல்லி வித்துடறாங்க. இவனை இருன்னு எந்த வாயாலே சொல்றது?" என்றாள்.

அதற்கும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் கிழவர் பையனைப் பார்த்து, "போகாதேன்னு நான் சொல்லலே. அந்த ஊர் மண்ணு நல்ல மண்ணு. முதலாளி கையெழுத்து இங்கே வந்த அப்புறம் போ" என்றார்.

பத்து நாள் கழித்துப் புடவை வாங்கப் போனேன். தறிக்குழியில் பையன் இருந்தான். முதலாளியின் கடிதம் வரட்டும் என்று ஏஜெண்டிடம் சொல்லிவிட்டானாம். "அனுப்புகிறேன், அனுப்புகிறேன் என்கிறார். இன்னும் வரவில்லை" என்றான். கைப்பெட்டி பூட்டியபடியே பரண்மேல் இருந்தது. வளையல்களைத் திருப்ப வட்டி எவ்வளவு ஆகும் என்று தாயார் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.