பிரஷருக்கு மூன்று மருந்து, ஒரே குளிசையில்: இலங்கை நோயாளர்கள் 700 பேரிடம் செய்த ஆய்வு சொல்வது என்ன?

2025 ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் உயர் குருதி அமுக்கத்துக்கான ஒரு குளிசைக்கு அனுமதி வழங்கியது. அதற்குள் இருக்கும் டெல்மிசார்டன், அம்லோடிபின், இன்டபமைட் ஆகிய மூன்றும் பழைய மருந்துகள். மருத்துவர்கள் பல வருடங்களாக எழுதிக்கொடுத்து வருபவைதான். புதியது என்னவென்றால், மூன்றையும் குறைந்த அளவில் ஒரே குளிசையாக்கி, இதுவரை எந்த மருந்தும் எடுக்காத ஒருவருக்கும் முதல் நாளிலிருந்தே கொடுக்கலாம் என்று சொன்னதுதான். இந்த எண்ணத்துக்கு முக்கியமான ஆதாரம் தந்த ஆய்வு நடந்தது அமெரிக்காவில் அல்ல, இலங்கையின் வைத்தியசாலை கிளினிக்குகளில். இது நம்மில் பலருக்குத் தெரியாது.

ஆய்வுக்குள் போக முன்னர், பிரஷர் கிளினிக்கில் வழமையாக நடப்பதை ஒருமுறை நினைத்துப் பார்ப்போம். விடியற்காலையில் போய் நம்பர் எடுத்து, வாங்கில் இருந்து, பத்து மணிக்கோ பதினொரு மணிக்கோ டொக்டர் முன்னால் போனால், கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். அமுக்கம் 152 என்று காட்டுகிறது. "கொஞ்சம் கூடத்தான் இருக்கு. உப்பைக் குறையுங்கோ, அடுத்த மாதம் பாப்பம்." கொப்பியில் போன மாதம் எழுதிய அதே மருந்து மீண்டும் எழுதப்படுகிறது. அடுத்த மாதம் 150. இரவு நித்திரை இல்லை, பஸ்ஸில் வந்த களைப்பு என்று ஒரு காரணம் இருக்கும். மருந்து மாறாது. இப்படியே இரண்டு வருடம் போய்விடும்.

இதில் டொக்டரையோ நோயாளியையோ குறை சொல்லிப் பயனில்லை. பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொடுத்த வழியே அதுதான்: ஒரு மருந்தில் தொடங்கு, போதாவிட்டால் அளவைக் கூட்டு, அதுவும் போதாவிட்டால் இன்னொன்றைச் சேர். ஒவ்வொரு படிக்கும் ஒரு கிளினிக் வரவு வேண்டும், ஒரு முடிவு எடுக்க வேண்டும். சனம் நிறைந்த கிளினிக்கில் அந்த முடிவு தள்ளிப்போகும். ஆராய்ச்சியாளர்கள் இதைச் "சிகிச்சைத் தேக்கம்" என்ற பொருளில் பேசுகிறார்கள். உலகெங்கும் உள்ள நோய் இது.

சிட்னியில் உள்ள ஜோர்ஜ் உலக சுகாதார நிறுவனமும் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த ஆய்வு இந்தப் படிகளையே தூக்கிவிட்டுப் பார்த்தது. 2016 பெப்ரவரி முதல் 2017 மே வரை 700 பேர் சேர்க்கப்பட்டார்கள். மருந்தே எடுக்காதவர்கள், அல்லது ஒரேயொரு மருந்து எடுத்தும் அமுக்கம் குறையாதவர்கள். சராசரி வயது 56. பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். பத்தில் மூவர் அளவில் நீரிழிவு உள்ளவர்கள். தொடக்கத்தில் சராசரி அமுக்கம் 154/90. நமது கிளினிக் வரிசையில் இருக்கும் அதே ஆட்கள்தான்.

குலுக்கல் முறையில் இவர்கள் இரண்டு பிரிவாக்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்கு வழமையான சிகிச்சை. மற்றப் பிரிவுக்கு மூன்று மருந்து சேர்ந்த ஒரு குளிசை: டெல்மிசார்டன் 20 மில்லிகிராம், அம்லோடிபின் 2.5, குளோர்தலிடோன் 12.5. வழமையாகத் தொடங்கும் அளவில் ஒவ்வொன்றும் பாதிதான்.

பாதி அளவு கொடுத்தால் பாதிப் பலன்தானே கிடைக்கும் என்று நினைக்கத் தோன்றும். விஷயம் அங்கேதான் இருக்கிறது. லோ, வால்ட் என்ற இரு பிரித்தானிய ஆய்வாளர்களும் அவர்களது குழுவினரும் 2003ஆம் ஆண்டில் 354 மருந்துப் பரிசோதனைகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். பிரஷர் மருந்தின் அளவைப் பாதியாகக் குறைத்தால், அமுக்கம் குறையும் பலனில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே போகிறது என்று கண்டார்கள். ஆனால் பல மருந்துகளின் பக்க விளைவுகள் அதைவிட எவ்வளவோ குறைந்துவிடுகின்றன. மறுபக்கமாகப் பார்த்தால், ஒரு மருந்தின் அளவை இரட்டிப்பாக்குவதால் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. அதற்குப் பதில் வேறு வகை மருந்தொன்றைச் சேர்த்தால், கிடைக்கும் மேலதிகப் பலன் ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று 2009இல் வந்த இன்னொரு திரட்டு சொன்னது.

ஏன் இப்படி? உடல் தனது அமுக்கத்தை விட்டுக்கொடுக்க விரும்புவதில்லை. குளோர்தலிடோன் போன்ற மருந்து உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும். உடனே சிறுநீரகம் ரெனின் என்ற பொருளைக் கூட்டிச் சுரந்து, குருதிக் குழாய்களைச் சுருக்கி, அமுக்கத்தை மீண்டும் மேலே தள்ளப் பார்க்கும். அந்தப் பாதையைத்தான் டெல்மிசார்டன் அடைக்கிறது. அம்லோடிபின் குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்துகிறது. அதனால் கணுக்கால் வீங்கும் தொல்லையை டெல்மிசார்டன் ஓரளவு தணிக்கும். ஒன்று பொட்டாசியத்தைக் குறைக்கும், மற்றது கூட்டும். ஒன்றின் பிழையை மற்றது திருத்தும் கூட்டு இது. நாட்டு வைத்தியத்தில் சரக்குகளைச் சேர்க்கும்போது ஒன்றின் கடுமையை மற்றொன்று முறிக்கும் என்று சொல்வார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. ஆனால் இங்கே அளந்து பார்த்திருக்கிறார்கள்.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, கூட்டுக் குளிசை எடுத்தவர்களில் 70 சதவீதமானோர் இலக்கை அடைந்திருந்தார்கள். வழமையான சிகிச்சைப் பிரிவில் அது 55 சதவீதம். இலக்கு என்பது 140/90க்குக் கீழே. நீரிழிவோ சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்கு 130/80க்குக் கீழே. சராசரி அமுக்கம் ஒரு பிரிவில் 125/76, மற்றதில் 134/81. முடிவுகள் 2018 ஓகஸ்ட் மாதம் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தன.

எனக்கு இந்த எண்களைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. ஆறு மாத முடிவில், வழமையான சிகிச்சைப் பிரிவில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பிரஷர் மருந்து எடுத்தவர்கள் மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே. ஆய்வொன்று நடக்கிறது, அளவுகள் பதிவாகின்றன என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தும், மருந்து கூட்டப்படவில்லை. ஆய்வுக்கு வெளியே என்ன நடக்கும் என்று ஊகிக்கக் கஷ்டமில்லை.

மூன்று மருந்து என்றதும் பலருக்கு வரும் பயம் பக்க விளைவு. தொல்லை தாங்காமல் மருந்தை நிறுத்தியவர்கள் கூட்டுக் குளிசைப் பிரிவில் 6.6 சதவீதம், மற்றதில் 6.8 சதவீதம். வித்தியாசம் இல்லை. ஆனால் தலைச்சுற்று, மயக்கம் வருவது போன்ற உணர்வு கூட்டுக் குளிசைப் பிரிவில் கொஞ்சம் அதிகம்: 5.2 சதவீதம், மற்றதில் 2.8. வெயிலில் வயல் வேலை செய்பவர்களும், எழும்பும்போது தடுமாறும் வயதானவர்களும் இதைக் கவனத்தில் எடுக்கத்தான் வேண்டும்.

ஆய்வின் குறைகளையும் சொல்ல வேண்டும். யார் எந்தக் குளிசை எடுக்கிறார் என்பது டொக்டருக்கும் தெரியும், நோயாளிக்கும் தெரியும். ஆறு மாதம் சிறிய காலம். மாரடைப்பும் பாரிசவாதமும் குறைந்ததா என்று நேரடியாகப் பார்க்க 700 பேர் போதாது. அமுக்கம் குறைந்தது என்பதை வைத்துத்தான் மீதியை ஊகிக்கிறோம். அந்த ஊகம் ஆதாரமற்றது அல்ல. 48 பரிசோதனைகளில் கலந்துகொண்ட 344,716 பேரின் விபரங்களை ஒன்றாக ஆராய்ந்து 2021இல் வெளியான ஒரு திரட்டு, மேல் அமுக்கம் 5 அலகு குறைந்தால் பெரிய இருதய, குருதிக்குழாய் நோய்களின் ஆபத்து சுமார் 10 சதவீதம் குறைகிறது என்று காட்டியிருக்கிறது.

இன்னொன்று பணம் சம்பந்தப்பட்டது. இலங்கை ஆய்வுக்குப் பணம் கொடுத்தது அவுஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சிச் சபை. ஆனால் இப்போது அமெரிக்காவில் அனுமதி பெற்ற குளிசை, அதே ஜோர்ஜ் நிறுவனம் தொடங்கிய மருந்துக் கம்பனியினுடையது. அதற்காக முடிவுகள் பொய்யாகிவிடாது. ஆனால் இப்படியான உறவுகளை வாசகர் தெரிந்து வைத்திருப்பது நல்லது. குளோர்தலிடோனுக்குப் பதில் இன்டபமைட் சேர்ந்த அந்தப் புதிய கலவையை நைஜீரியாவின் அபுஜாவில் 300 பேரிடம் சோதித்தார்கள். 2024இல் வெளியான முடிவில், மேல் அமுக்கம் ஒரு பிரிவில் 31 அலகும், அந்நாட்டு வழிகாட்டலின்படி நன்றாகவே சிகிச்சை பெற்ற மற்றப் பிரிவில் 26 அலகும் குறைந்திருந்தது. வேறு நாடு, வேறு மக்கள், அதே திசையில் முடிவு.

குளிசை மட்டும் எல்லாவற்றையும் தீர்க்காது என்பதையும் இலங்கையில் நடந்த இன்னொரு ஆய்வு காட்டியது. பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளிலும் தலா 10 கிராமப்புறச் சமூகங்களில் 2,645 பேரை இரண்டு வருடம் பின்தொடர்ந்தார்கள். கர்ப்பிணிகளையும் பிள்ளைகளையும் பார்க்க வீடு வீடாக வரும் குடும்பநல உத்தியோகத்தர்கள் போன்ற அரச சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் வீட்டுக்குப் போய் அமுக்கம் பார்த்து, மருந்து எடுக்கிறார்களா என்று விசாரித்து, தேவையானவர்களை வைத்தியரிடம் அனுப்பினார்கள். வைத்தியர்களுக்கும் பயிற்சி கொடுக்கப்பட்டது. முடிவில் மேல் அமுக்கம் மற்றச் சமூகங்களைவிட 5 அலகு மேலதிகமாகக் குறைந்தது. கட்டுப்பாட்டுக்குள் வந்தவர்கள் 53 சதவீதம், மற்றதில் 44 சதவீதம். 2020இல் நியூ இங்கிலாந்து மருத்துவச் சஞ்சிகையில் இது வெளிவந்தது.

இலங்கையில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு உயர் குருதி அமுக்கம் இருக்கிறது. நம் மண்ணில் கிடைத்த ஆதாரத்தை நாமே எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்பது கேட்க வேண்டிய கேள்வி. உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் இரண்டு மருந்து சேர்ந்த பிரஷர் குளிசைகளைத் தனது அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. 2021இல் வெளியிட்ட வழிகாட்டலில், தொடக்கத்திலேயே கூட்டு மருந்தை, முடிந்தால் ஒரே குளிசையாகக் கொடுக்கலாம் என்றது. ஆனால் 2022 நெருக்கடியில் சாதாரண மருந்துக்கே வெளியே துண்டு எழுதிக் கொடுத்த அனுபவம் நமக்கு இருக்கிறது. ஒரு கூட்டுக் குளிசை வரவு நின்றால், மூன்று மருந்தும் ஒன்றாக நின்றுவிடும். விலை கூடிய புதிய குளிசைக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை என்பது என் எண்ணம். கிளினிக்கில் இப்போதே பழக்கமான லொசார்டான், அம்லோடிபின் இரண்டையும் குறைந்த அளவில் ஆரம்பத்திலிருந்தே சேர்த்துக் கொடுக்கலாமா என்பதை வைத்தியர்கள் இன்றைக்கே யோசிக்கலாம். குளிசை எண்ணிக்கை ஒன்று கூடும், அவ்வளவுதான்.

வாசகர்கள் இதைப் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் மருந்தைத் தாங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். டெல்மிசார்டன், லொசார்டான் வகை மருந்துகள் கர்ப்ப காலத்தில் எடுக்கக்கூடாதவை, கருவிலுள்ள பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். குளோர்தலிடோன் வகை சிலருக்குச் சோடியத்தைக் குறைக்கும், யூரிக் அமிலத்தைக் கூட்டும். முழங்கால் நோவுக்குப் பாமசியில் சும்மா வாங்கிப் போடும் டைக்குளோபெனாக் போன்ற குளிசைகள் இந்த இரு வகை மருந்துகளோடும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குக் கெடுதல். வயிற்றோட்டமோ வாந்தியோ வந்து உடம்பு வற்றிய நாட்களில் மருந்தைத் தொடர்வதா என்று வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

அடுத்த கிளினிக் நாளுக்கு முன் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கடைசி மூன்று வரவுகளில் கொப்பியில் எழுதியிருக்கும் அமுக்கத்தைப் பாருங்கள். வீட்டில் கருவி இருந்தால், தேத்தண்ணி குடிக்க முன், ஐந்து நிமிடம் சாய்ந்து இருந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, காலையும் மாலையும் ஒரு கிழமைக்கு எடுத்து எழுதிக்கொண்டு போங்கள். மூன்று முறையும் 140க்கு மேல் இருந்து மருந்து மாறாமல் இருந்தால், "இன்னொரு மருந்து குறைஞ்ச அளவில சேர்க்கலாமோ டொக்டர்?" என்று கேட்பதில் பிழையில்லை. சேர்த்தால், சில கிழமைகளில் குருதியில் கிரியேட்டினின், பொட்டாசியம் பார்க்கும் பரிசோதனைக்கும் துண்டு கேட்டு வாங்குங்கள்.