கிடங்குக் காவலர் பட்டாளமான கதை

புவனகிரியிலிருந்து வெள்ளாற்றை ஒட்டிக் கிழக்கே போனால் பரங்கிப்பேட்டை. 1749 ஏப்ரலில் கும்பினிப் படை ஒன்று அங்கே ஆற்றங்கரையில் கூடாரமடித்திருந்தது. கொள்ளிடத்து முகத்துவாரத்திலுள்ள தேவிக்கோட்டையைப் பிடிப்பது அதன் நோக்கம். புயல் வந்து கூடாரங்களைக் கிழித்தெறிந்தது. பிறகு போயும் காரியம் கைகூடாமல் படை திரும்பிற்று. இரண்டாம் முறை மேஜர் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் தாமே கடல்வழியே சென்றார். கோட்டை விழுந்தது.

யார் இந்த லாரன்ஸ்? 1748 ஜனவரியில் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துச் செயிண்ட் டேவிட் கோட்டைக்கு அவர் வந்தபோது வயது ஏறக்குறைய ஐம்பது. சென்னை அப்போது பிரெஞ்சுக்காரர் வசம். கும்பினியிடம் இருந்தவை ஒன்றோடொன்று ஒட்டாத சில வெள்ளைக்காரக் கம்பெனிகளும், கிடங்குகளைக் காத்து நின்ற நம்மவர்களான சேவகர்களுமே. வீரத்துக்குப் பஞ்சமில்லை, ஒழுங்குக்குத்தான் பஞ்சம். உதிரியாய்க் கிடந்த கம்பெனிகளை அவர் ஒரே தலைமையின் கீழ்க் கொண்டுவந்தார். கவாத்தும் கட்டுப்பாடும் புகுத்தினார்.

பலன் தெரிய ஆறு மாதமும் ஆகவில்லை. ஜூனில் துய்ப்ளேயின் படை கடலூரை நோக்கி வந்தது. லாரன்ஸ் பட்டப்பகலில், ஊரறிய, பீரங்கிகளையும் காவற்படையையும் கோட்டைக்கு அனுப்பிவிட்டார். இருட்டியதும் சந்தடியின்றித் திரும்பக் கொண்டுவந்தார்! ஊர் காலி என்று நம்பி நள்ளிரவில் ஏணி சாத்த வந்த பிரெஞ்சுக்காரர், குண்டுமழையில் சிக்கி ஓடினர். தந்திரம் பெரிதல்ல, அதை வாய்பேசாமல் செய்து முடிக்கும் பட்டாளம் கைவசமிருந்ததே பெரிது.

ஆனால் எதிரியை வென்றவரால் கணக்கு எழுதுவோரை வெல்ல முடியவில்லை. சம்பளம், படி பற்றிய தகராறில் 1750-இல் வேலையை உதறிச் சீமைக்குப் போனார். 1752-இல் திரும்பினார், திருச்சிராப்பள்ளிப் போரை நடத்தினார். சிப்பாய்களை முறையான பட்டாலியன்களாக வகுத்ததோ 1758 இறுதியில்தான். உத்தரவு போட ஒரு நாள் போதும்; அது வேரூன்றப் பத்தாண்டு!

இந்த மாறுதலில் மேலே வந்தவர்களுள் தலையாயவர் யூசுப் கான். இராமநாதபுரச் சீமையின் பனையூர்க்காரர். திருச்சிராப்பள்ளியில் அவர் திறமையைக் கண்ட லாரன்ஸ் மனமாரப் புகழ்ந்தார். 1754-இல் கும்பினிச் சிப்பாய்கள் அனைவருக்கும் அவர் தலைவரானார். பின்னாளில் மதுரையில் கும்பினியையே எதிர்த்து நின்றார். கற்ற போர்முறை அவரைப் பல மாதம் காத்தது. உடனிருந்தோர் காட்டிக்கொடுக்க, 1764 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார்.

அன்று சென்னைப் படைகளின் பிரதம தளபதியாய் இருந்தவர், அதே லாரன்ஸ்.