கசப்பை வடித்தால்தான் நல்ல உப்பு

உப்பின்றி உணவில்லை என்பதை நாம் அறிவோம். அவ்வுப்பு விளையும் விதத்தில் நம் குடும்ப வாழ்வுக்கும் ஒரு படிப்பினை இருப்பதைச் சற்றே சிந்தியுங்கள்.

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தில் உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் தொழிலாளர்கள் சேற்றில் இறங்குகின்றனர். மழை கரைத்த வரப்புகளைச் செப்பனிட்டு, களிமண் தரையை இறுக்கி, உவர்நீர் பாய்ச்சுகின்றனர். பாத்திக்குப் பாத்தி மாற்றப்படுந்தோறும் அந்நீர் வெயிலில் சுண்டுகிறது. முதலில் சுண்ணாம்பும் பின்னர் ஜிப்சமும் படிகின்றன. நீரின் அடர்த்தி சுமார் 25 பாகை பாமேயை எட்டிய பின்னரே உப்பு பூக்கத் தொடங்கும்.

சோதனை அதன் பிறகுதான் வருகிறது. உப்பு விளைந்தபின் எஞ்சும் நீரில் மக்னீசிய உப்புகள் தங்கியிருக்கும். அதனை வடித்து வெளியேற்றுவதற்கு உழைப்பு வேண்டும். அப்படியே வற்றவிடுவதோ எளிது, எடையும் கூடும். ஆனால் அவ்வுப்பு கசக்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கசியும். உரிய நேரத்தில் வடித்தவருக்கே நல்ல உப்பு கிட்டும்.

நம் இல்லங்களிலும் இத்தகைய கசப்பு நீர் தேங்குவதுண்டு. தந்தை மறைந்து ஆண்டுகள் பல கடந்தும் சொத்து பங்கிடப்படாமல் கிடக்கும். பேச்செடுத்தால் மனத்தாங்கல் வரும் என்று அண்ணன் வாய் திறப்பதில்லை. கேட்டால் பிறந்தகம் அந்நியமாகிவிடும் என்று தங்கையும் கேட்பதில்லை. இம்மௌனத்திற்குக் குடும்ப ஒற்றுமை என்று நாம் பெயர் சூட்டுகிறோம். மார்க்கம் அவளுக்கென வகுத்த பங்கோ அவள் கைக்கு வந்து சேர்வதேயில்லை. பேரப்பிள்ளைகள் காலத்தில் அக்கசப்பு நீதிமன்ற வழக்காக உறைந்துவிடுகிறது.

“மார்க்கம் இலகுவானதன்றோ?” என்று சிலர் வினவலாம். ஐயமில்லை. நோயாளிக்கும் பயணிக்கும் ரமலான் நோன்பை விடுவதற்குச் சலுகை உண்டு. ஆயினும், நோய் தீர்ந்த பின்னர், பயணம் முடிந்த பின்னர், விடுபட்ட நோன்பை நோற்றாக வேண்டும். அச்சலுகை தவணையேயன்றித் தள்ளுபடியன்று. களைத்தவர் இளைப்பாறலாம், கடமையைப் புதைத்துவிடலாகாது.

இவ்வுப்பின் பொருட்டே கடினமான வழியைத் தேர்ந்த பெரியவர் ஒருவரையும் நினைவுகூர்வோம். அப்பாஸ் தயாப்ஜி, பரோடா சமஸ்தானத்தின் தலைமை நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். 1930 மே மாதம் காந்தியடிகள் சிறைப்பட்டபோது, குஜராத்தின் தராசனா உப்புப் பண்ணையை நோக்கிய அறப்போருக்குத் தலைமை ஏற்கும் பொறுப்பு அவரை வந்தடைந்தது. அப்போது அவருக்கு வயது 76. முதுமையைக் காரணம் காட்டியிருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார். அவரோ தயங்காது புறப்பட்டார். மே 12 அன்று கைது செய்யப்பட்டார்.

சிறை செல்லும் துணிவை இன்று நம்மிடம் எவரும் கேட்கவில்லை. குடும்பத்தினர் அனைவரையும் ஓரிடத்தில் அமர்த்திப் பேசும் துணிவே வேண்டும். மார்க்கமறிந்த ஆலிம் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். அடக்கச் செலவு, மறைந்தவரின் கடன்கள், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத் ஆகியவற்றை முதலில் தீர்த்து, எஞ்சியதை உரியவர்களுக்குப் பங்கிடுங்கள். அன்று சில கடுஞ்சொற்கள் எழலாம், அவற்றைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. புயல் வராத ஆண்டிலும் பருவமழை பாத்திகளைக் கரைத்தே செல்கிறது. ஆண்டுதோறும் சேற்றிலிருந்தே தொடங்கும் அம்மக்களின் உழைப்பில்தான் நம் உணவு சுவை பெறுகிறது. நம் வீட்டுக் கசப்பை வடித்தெடுக்கும் உறுதியை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்குவானாக!