ஐப்பசி மழைக்கு விறகு அடுப்பு வெந்நீர்... நெருப்பு வெளியே இருக்கட்டும்!

ஐப்பசி பிறந்து நாலு நாள் விடாமல் மழை பிடித்துவிட்டால், தாம்பரம் பக்கத்து வீடுகள் சட்டென்று மாறிப்போகும். தரையில் கால் வைத்தால் ஜில்லென்று இருக்கும். துவைத்த துணி காயாது. விடியற்காலையில் மேல்தொட்டித் தண்ணீரைத் தொட்டாலே உடம்பு சிலிர்க்கும். வருஷம் முழுக்க ஃபேனுக்கும் ஏ.சி-க்கும் ஏங்குகிற ஊர், இந்த நாள்களில் மட்டும் கொஞ்சம் கதகதப்புக்கு ஏங்கும்.

சேலையூர், மாடம்பாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர் பக்கம் இன்னும் மிச்சமிருக்கும் பழைய தனி வீடுகளில் கொல்லைப்புற விறகு அடுப்புக்கு மவுசு வருவது இப்போதுதான். மூன்று செங்கல், அதன்மேல் கரி ஏறிய ஒரு பெரிய பாத்திரம். சில வீடுகளில் பாட்டி காலத்துச் செம்பு பாய்லர். தீபாவளிக்கு முதல்நாள் ராத்திரியே தவலையைப் புளி போட்டுத் தேய்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து, தண்ணீர் நிரப்பிவிடுவார்கள். விடிவதற்குள் கங்கா ஸ்நானத்துக்கு வெந்நீர் தயார்.

கீசர் வந்த பிறகும் இந்த அடுப்பு போகவில்லை. காரணம், இந்தப் பகுதியின் மழைக்கால அனுபவம். 2015 டிசம்பர் முதல் தேதி காலையிலிருந்து மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ மழை கொட்டியது. அடையாறு பொங்கி முடிச்சூர் வீடுகளுக்குள் புகுந்தது. அடுத்த ஆண்டே, 2016 டிசம்பர் 12-ம் தேதி, வர்தா புயல். மரங்கள் சாய்ந்தன, மின்கம்பங்கள் முறிந்தன. புறநகரில் பல தெருக்களில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் கைக்குழந்தைக்கும் வயதானவருக்கும் வெந்நீர் வைக்க நாலு காய்ந்த கட்டை இருந்தாலே பெரிய தைரியம்தான்.

எவ்வளவு விறகு வேண்டும்?

20 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குச் சூடேற்ற, கீசருக்குச் சுமார் அரை யூனிட் மின்சாரம் ஆகும். அதே தண்ணீருக்குத் திறந்த செங்கல் அடுப்பில் முக்கால் கிலோ விறகாவது வேண்டும். காரணம், சூட்டின் பெரும்பங்கு பாத்திரத்தில் ஏறாமல் காற்றோடு போய்விடுகிறது.

செம்பு பாய்லரில் இந்த வீணடிப்பு குறைவு. நடுவில் ஒரு குழாய், சுற்றிலும் தண்ணீர். அடியில் போடும் நெருப்பின் சூடு குழாய் வழியாக மேலே ஏறும்போதே தண்ணீரை இருபக்கமும் அணைத்துச் சூடாக்கிவிடும். கொஞ்சம் கொட்டாங்குச்சியும் சுள்ளியும் போட்டாலே போதும்.

எதை எரிக்கலாம், எதை எரிக்கக் கூடாது?

* தென்னை மட்டை, பாளை, கொட்டாங்குச்சி, சவுக்கு, வேலிக்காத்தான் கட்டை எல்லாம் நன்றாக எரியும். ஆனால், முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். ஈர விறகில் நெருப்பின் சக்தியில் ஒரு பங்கு அந்த ஈரத்தை விரட்டவே செலவாகும், புகையும் அதிகம். மழை தொடங்கும் முன்பே விறகைத் தரையில் படாமல் செங்கல் மேல் அடுக்கி, மேலே மட்டும் மூடிவையுங்கள். பக்கவாட்டில் காற்று புகட்டும்.
* பெயின்ட் அடித்த பழைய கதவுக்கட்டை, பிளைவுட் துண்டு வேண்டாம். அவற்றின் புகையில் ரசாயனம் இருக்கும்.
* அரளிக் குச்சி கூடவே கூடாது. அதன் புகையும் விஷம்.
* பற்றவைக்கப் பால் கவரையோ பிளாஸ்டிக் பையையோ செருகுவதை விட்டுவிடுங்கள்.

மழை வலுத்தால்தான் ஆபத்து

வெளியே சாரல் அடிக்கும்போது, 'அடுப்பை உள்ளே தூக்கி வைத்துவிடலாமே' என்று தோன்றும். கரிதானே, புகையே வராதே என்று கும்முட்டி அடுப்பை அறைக்குள் கொண்டு வருவார்கள். பிள்ளை பெற்றவளுக்குக் கணப்பு வேண்டும், குழந்தைத் துணி காய வேண்டும் என்று காரணமும் இருக்கும். கதவு, ஜன்னலைச் சாத்திவிட்டால் கதகதப்பாகத்தான் இருக்கும். பிரச்னையே அங்கேதான்.

கரி கனலும்போது கார்பன் மோனாக்சைடு வாயு வருகிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை, கண்ணும் எரியாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக அது ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவர் தூக்கத்திலேயே மயங்கிவிடுவார். கொடைக்கானல், ஊட்டி பக்கம் குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பு வைத்துப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காமலே போன செய்திகள் அவ்வப்போது வருகின்றன. பள்ளி விடுமுறைக்கு மலைக்குக் கிளம்பும் குடும்பங்களும் இதை மனதில் வைக்க வேண்டும். காற்றோட்டமில்லாத குளியலறையில் வைத்த கேஸ் கீசரிலும் இதே ஆபத்து உண்டு.

வீட்டில் ஒரே நேரத்தில் பலருக்கும் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்தால், 'மழைக்கால ஜுரம்' என்று படுத்துவிடாதீர்கள். உடனே எல்லோரும் வெளியே வந்து, கதவு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, 108-ஐ அழையுங்கள்.

அடுப்புக்கு மழை மறைவு வேண்டுமென்றால், கொல்லையில் ஒரு தகரக் கூரை போதும். மூன்று பக்கமாவது திறந்திருக்கட்டும். கேஸ் சிலிண்டரும் துணிக்கொடியும் தள்ளியே இருக்கட்டும். கொதிக்கும் தவலையைத் தூக்கிக்கொண்டு ஈரத்தரையில் நடக்க வேண்டாம். சொம்பால் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு கொண்டுபோங்கள். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் வெந்நீர் ஊற்றி விளாவினால், ஓடிவந்து கையை விடும் குழந்தைக்குச் சுடாது. கடைசிக் கங்கு வரை தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டே உள்ளே வர வேண்டும்.

வீட்டுக்குள் எரியும் அடுப்புகளின் புகையால் 2020-ல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. நுரையீரலின் அருமை தாம்பரத்துக்குப் புதிதல்ல. 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து இங்கே காசநோய்க்கான மருத்துவமனையைத் தொடங்கினார். திறந்த வெளியும் நல்ல காற்றும் அவருடைய சிகிச்சையில் முக்கியமானவை. இன்று ரயில் நிலையத்தின் பெயரிலேயே அந்த 'சானடோரியம்' இருக்கிறது.

இந்தத் தீபாவளிக்கும் தவலையை ஏற்றுங்கள். வெந்நீர் வீட்டுக்குள் வரட்டும், நெருப்பு கொல்லையிலேயே இருக்கட்டும்.