பனிக்காலத்திற் பச்சைவீடு



தை மாதத்து விடியற்காலையில் நுவரெலியாவில் வீட்டுக் கதவைத் திறந்து வெளியே நோக்குவோர், சில நாள்களிற் புற்றரை முழுவதும் மாவு தூவியது போல வெண்மையாய் இருக்கக் காண்பர். ஞாயிறு எழுந்ததும் அவ்வெண்மை மறைந்துவிடும். ஆயின், சிறிது நேரத்தில் தேயிலைக் கொழுந்துகளும் உருளைக்கிழங்குச் செடிகளும் நெருப்பிற் கருகியவை போல நிறம் மாறி நிற்கும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள அந்நகரில், ஆண்டின் முதலிரு மாதங்களில் இத்தகைய உறைபனி இடையிடையே தோன்றுவதுண்டு. அத்தகைய இடங்களில், வீட்டு முற்றத்திலே சிறியதொரு பச்சைவீடு அமைத்துத் தக்காளியும் கறிமிளகாயும் பூங்கன்றுகளும் வளர்ப்போர், இரவுக் குளிரில் அதனை எவ்வாறு காப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் உறைபனியின் இயல்பை அறிதல் வேண்டும். ‘பனி பெய்தது’ என நாம் சொல்லினும், அது வானிலிருந்து பெய்வதன்று. பகலில் ஞாயிற்றிடம் பெற்ற வெப்பத்தை நிலம் இரவிற் கண்ணுக்குப் புலனாகாத கதிர்களாக வெளியிடுகின்றது. முகில் மூடிய இரவில் அம்முகில் போர்வை போல நின்று அவ்வெப்பத்தில் ஒரு பகுதியை நிலத்துக்குத் திருப்பித் தருகின்றது. வானம் தெளிந்து, காற்றும் அடங்கிய இரவிலோ, வெப்பம் தடையின்றி வெளியேறிவிடுகின்றது. ஆள் உயரத்திலுள்ள வெப்பமானி 3 பாகை செல்சியஸ் காட்டும்போதே, தரையிலுள்ள புல் உறைநிலைக்குச் சென்றுவிடக் கூடும். குளிர்ந்த காற்றுக் கனமானது. அது சரிவு வழியே வழிந்து பள்ளத்திலே தேங்கும். ஆதலாற் பச்சைவீட்டைப் பள்ளத்தில் அமைப்பது முதற்பிழை.

இனி, பச்சைவீடு என்ன செய்கின்றது? அது வெப்பத்தை உண்டாக்குவதில்லை. ஞாயிற்றொளி உள்ளே புகுந்து மண்ணையும் செடிகளையும் சூடாக்குகின்றது; அவற்றைத் தொட்ட காற்றும் சூடேறுகின்றது. திறந்த வெளியில் அக்காற்று மேலெழுந்து போய்விடும். பச்சைவீட்டில் அது சிறைப்பட்டு நிற்கின்றது. கண்ணாடியானது வெப்பக் கதிர்களைத் தடுப்பதே முதற் காரணம் என முன்னர்ப் பலர் எண்ணினர். அமெரிக்க விஞ்ஞானி றொபேட் வூட் 1909ஆம் ஆண்டில், அக்கதிர்களைத் தடுக்கும் கண்ணாடியாலும், தடுக்காத பாறையுப்புத் தகட்டாலும் இரு பெட்டிகளை மூடி வெயிலில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு சூடேறின. காற்றைச் சிறைப்படுத்துவதே பெரும் பங்கு வகிக்கின்றது என்பது இதனாற் புலனாயிற்று.

இரவுக் காலத்திற் கதிர்களின் பங்கும் கவனிக்கத்தக்கது. சாதாரணப் பொலித்தீன் தாள் வெப்பக் கதிர்களைப் பெரிதும் வெளியே விட்டுவிடும். அதனால் தெளிந்த இரவிற் பொலித்தீன் வீட்டின் உள்ளே வெளியிலும் பார்க்க ஓரிரு பாகை குளிர்ந்திருப்பதும் சில வேளைகளில் நிகழும். ‘கூரை இட்டுவிட்டோம், இனிக் கவலையில்லை’ என்று உறங்கச் செல்வோர் இதனை மறத்தலாகாது.

ஆகவே, பகலின் வெப்பம் வரவு. இரவிற் போவது செலவு. செலவைச் சுருக்குவதும், வரவிற் சிறிது சேமிப்பதுமே நாம் செய்யத்தக்கவை.

செலவைச் சுருக்குவதற்கு முதலிற் கதவின் கீழும் தாள்களின் பொருத்துகளிலும் உள்ள இடைவெளிகளை அடைத்தல் வேண்டும். அடுத்து, உட்புறத்தில் இரண்டாவது தாளொன்றை இரண்டு விரல் அகல இடைவெளி விட்டுக் கட்டலாம். இடையே அசையாது நிற்கும் காற்று நல்லதொரு காப்பாகும். மாலையிற் கூரைமீது சாக்குகளையோ படங்கையோ விரித்துக் காலையில் நீக்கிவிட்டால், அது முகிலின் வேலையைச் செய்யும். இளங்கன்றுகளின்மேல் மூங்கில் வளைவுகளை நட்டுத் தாழ்வான உட்கூடாரம் அமைப்பது சிறிய செலவிற் பெரிய பயன் தருவது.

சேமிப்பதற்கு நீரிலும் சிறந்தது வேறில்லை. ஒரே எடையுள்ள செங்கல்லிலும் பார்க்க நீர் ஏறக்குறைய ஐந்து மடங்கு வெப்பத்தை ஏற்க வல்லது. 200 லீற்றர்ப் பீப்பா ஒன்றுக்குக் கருநிறம் பூசி, நீர் நிரப்பி, வெயில் படும் இடத்தில் வைத்துவிடுங்கள். அந்நீர் இரவில் 20 பாகையிலிருந்து 10 பாகைக்குக் குளிருமாயின், அது வெளிவிடும் வெப்பம் ஏறக்குறைய 2.3 அலகு மின்சாரத்துக்குச் சமமாகும். நனைந்த மண்ணும் உலர்ந்த மண்ணிலும் பார்க்க வெப்பத்தை நன்கு சேமிக்கும். ஆயினும் நீரூற்றுவதைக் காலையிலே முடித்துவிடுதல் நன்று. இலைகள் ஈரத்தோடு இரவைக் கழிப்பின் பூஞ்சண நோய் பற்றும். பிற்பகல் மூன்று மணியளவில், வெயில் தாழுமுன்னரே சாளரங்களை மூடிவிடுங்கள். ஞாயிறு மறைந்தபின் மூடுவது, வெளியேறிய வெப்பத்தை வழியனுப்பிவிட்டுக் கதவடைப்பதாகும். காலையில் வெயில் ஏறியதும் அவற்றைத் திறக்கவும் மறவாதீர்கள்.

நெருப்பு மூட்டினால் என்ன என்று சிலர் கேட்கலாம். இதற்கு என் அநுபவமே விடையாகும். மலைநாட்டுப் பாடசாலை ஒன்றில் நான் இளம் ஆசிரியனாய் இருந்த காலத்தில், மாணவர் வளர்த்த தக்காளிக் கன்றுகளைக் காக்க எண்ணி, ஓர் இரவு பச்சைவீட்டினுள்ளே கரித்தணற் சட்டி ஒன்றை வைத்து, எல்லா இடைவெளிகளையும் என் கையாலேயே அடைத்தேன். விடியற்காலையிற் கதவைத் திறந்து உள்ளே சென்ற தோட்டக்காரப் பெரியவர், தலை சுற்றிச் செடிகளுக்கிடையே அமர்ந்துவிட்டார். நல்வேளையாகப் பின்னால் வந்த மாணவர் இருவர் அவரை வெளியே தூக்கி வந்தனர். நல்ல காற்றுப் பட்டதும் அவர் தெளிவு பெற்றார். கன்றுகளின் இலைகளோ சுருண்டு தொங்கின. அன்றிரவு வெளியே உறைபனி விழவேயில்லை; அக்கன்றுகளைக் கெடுத்தது என் நெருப்பே.

அடைத்த இடத்திற் கரி எரியும்போது காபன் மொனொட்சைட்டு என்னும் நச்சுவாயு உண்டாகின்றது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குருதியிலுள்ள செந்நிறப் பொருளோடு அது ஒட்சிசனிலும் பார்க்க இருநூறு மடங்குக்கு மேற்பட்ட வலிமையோடு பிணைந்து, உடலுக்கு உயிர்க்காற்றுச் செல்வதைத் தடுத்துவிடும். அரைகுறையாக எரியும் புகையிலுள்ள எதிலீன் என்னும் வாயு செடிகளையும் வாட்டும். ஆதலின் கரிச்சட்டியையோ புகைபோக்கி இல்லாத மண்ணெண்ணெய் அடுப்பையோ அடைத்த பச்சைவீட்டில் வைத்தல் ஆகாது. அவ்வாறு எவரேனும் மயங்கிக் கிடக்கக் காணின், கதவுகளை அகலத் திறந்து, அவரை வெளியே கொணர்ந்து, தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். மின்சூடாக்கி அமைப்பதாயின், ஈரம் நிறைந்த இடமாதலால் தேர்ந்த மின்வினைஞரைக் கொண்டே அமைப்பித்தல் வேண்டும்.

10 பாகைக்குக் கீழே தக்காளியின் வளர்ச்சி தேங்கும். உறைநிலையில் அது மடியும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சில பாகைகளைக் காப்பதே நம் முயற்சி. அதற்குப் பகலில் நிரப்பிய ஒரு பீப்பா நீரும், மாலையில் விரித்த நான்கு சாக்குகளும் பெரும்பாலும் போதியன. இரவில் அவசரப்பட்டு மூட்டும் நெருப்பிலும், பகலிலே நினைவோடு செய்து வைக்கும் சேமிப்பே செடிக்கும் நல்லது, அதனை வளர்ப்பவருக்கும் நல்லது.